தழைச்சத்து எங்கே போகிறது?



மகாராஷ்டிர மாநிலத்தில் புனே என்று ஒரு பெரிய நகரம் இருக்கிறது. பூனா என்பது அதன் பழைய பெயர். ராணுவ வேலை, தொழிற்சாலை வேலை, கட்டட வேலை என்று போன தமிழர்கள் பல தலைமுறையாக அங்கே வாழ்கிறார்கள். அந்த ஊரின் நடுவில் முளா, முட்டா என்ற இரண்டு ஆறுகள் ஒன்று சேருகின்றன. சேருகிற இடத்துக்குச் சங்கம் என்று பெயர்.

மழைக்காலம் போய்விட்டது. குளிரும் போய்விட்டது. மாசி, பங்குனி மாதம் வருகிறது. அப்போது பாலத்தின் மேல் நின்று ஆற்றைப் பார்த்தால், பல இடங்களில் தண்ணீரே தெரியாது. பச்சைப் பாய் விரித்தது போல ஒரு செடி மூடிக் கிடக்கும். தமிழில் ஆகாயத் தாமரை என்பார்கள். வெங்காயத் தாமரை என்றும் சொல்வார்கள். மராத்தியில் அதற்கு ஜலபர்ணி என்று பெயர். தென் அமெரிக்காவில் இருந்து வந்த செடி அது. ஊதா நிறத்தில் பூக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் செடி அடைத்துக் கிடக்கும் இடத்தில் தண்ணீர் ஓடாது. கொசு பெருகும். 2024 பிப்ரவரியில் கேசவ நகர், கராடி பக்கத்தில் ஆற்றுக்கு மேலே பூச்சிகள் புகைத்தூண் போலத் திரண்டு சுழன்றன. மக்கள் அதைக் கொசுச் சூறாவளி என்றார்கள். மாலையில் யாரும் சன்னலைத் திறக்கவில்லை.

மாநகராட்சி இயந்திரம் வைத்துச் செடியை வாருகிறது. வார வார, அது திரும்ப வளர்கிறது.

வயலில் பயிர் வளர வேண்டும் என்றால் உரம் வேண்டும். அது எல்லோருக்கும் தெரியும். ஆற்றில் இவ்வளவு செழிப்பாக வளரும் இந்தச் செடிக்கு உரம் போட்டது யார்?

பதில் ஆற்றில் இல்லை. ஒரு கைப்பிடி கடலைப்பருப்பில் இருக்கிறது. அங்கிருந்து வருவோம்.

உரக்கடைக்குப் போனால் மூன்று சத்து சொல்வார்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. இதில் தழைச்சத்து என்பதற்கு விஞ்ஞானத்தில் நைட்ரஜன் என்று பெயர். இலை பச்சையாக இருக்க அது வேண்டும். நெல்மணிக்குள் புரதம் சேர அது வேண்டும். மனித உடம்பின் தசை, ரத்தம், தோல், முடி எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

இந்த நைட்ரஜனுக்குப் பஞ்சமே கிடையாது. மூச்சு விடும் காற்றில் 100 பங்கு எடுத்துக்கொண்டால், 78 பங்கு நைட்ரஜன்தான். மனிதர் உயிர் வாழத் தேவையான ஆக்ஸிஜன் 21 பங்குதான். அப்படியானால் பயிருக்கு ஏன் உரம் வாங்கிப் போட வேண்டும்?

காற்றில் இருக்கும் நைட்ரஜன் தனியாக இருப்பதில்லை. இரண்டு இரண்டாகச் சேர்ந்து இருக்கும். ஒன்றை ஒன்று மூன்று கைகளால் பிடித்துக்கொண்டது போல இறுக்கமான பிடி. அந்தப் பிடியைப் பிரித்தால்தான் பயிருக்குப் பயன்படும். பயிருக்கு அதைப் பிரிக்கும் சக்தி இல்லை. அதனால்தான் நாலாபுறமும் நைட்ரஜன் சூழ்ந்திருக்க, சத்து இல்லாமல் நெல் மஞ்சளாகி நிற்கிறது.

பிடியைப் பிரிக்கிறவர்கள் சிலர் உண்டு. முதலில் மின்னல். மின்னலின் சூட்டில் பிடி விட்டுப் போகும். பிரிந்த நைட்ரஜன் மழைத் தண்ணீரோடு மண்ணுக்கு வரும். இடி இடித்துப் பெய்தால் பயிர் பச்சை பிடிக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த வழியில் வருவது கொஞ்சம்தான்.

பெரிய வேலை செய்கிறவர்கள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்.

புனேக்குப் பக்கத்தில் புரந்தர் என்று ஒரு வட்டம். மேடான பூமி. மழை குறைவு. மழைக்காலம் முடிந்ததும் விவசாயிகள் ஈரம் காயும் முன் கொண்டைக்கடலை விதைப்பார்கள். அந்தச் செடியைப் பூக்கும் பருவத்தில் மண்ணோடு மெதுவாகத் தோண்டி எடுத்தால், வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். நோய் என்று நினைத்துவிடக் கூடாது. அவை வேர் முடிச்சுகள். நம் ஊர் நிலக்கடலை, உளுந்து, பயறு, துவரை, சணப்பு எல்லாவற்றிலும் இருக்கும்.

முடிச்சை நகத்தால் கீறிப் பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது என்று அர்த்தம். பச்சையாகவோ வெள்ளையாகவோ இருந்தால் வேலை செய்யவில்லை. மனித ரத்தத்துக்குச் சிவப்பு தரும் பொருள் ஒன்று உண்டு அல்லவா? அதற்குச் சொந்தக்காரப் பொருள் ஒன்றுதான் முடிச்சுக்கும் சிவப்பு தருகிறது.

முடிச்சுக்குள் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் குடியிருக்கிறது. செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கும். அது காற்றில் உள்ள நைட்ரஜனின் பிடியைப் பிரித்துச் செடிக்குக் கொடுக்கும். கொடுக்கல் வாங்கல் நேர்மையாக நடக்கும். கடன் இல்லை, வட்டி இல்லை.

ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இருவர் 1880களில் இதைச் சோதனை செய்து நிரூபித்தார்கள். ஆனால் காரணம் தெரியாமலே நம் விவசாயிகள் காலம் காலமாக நெல்லுக்குப் பின் உளுந்து போட்டார்கள், சோளத்தோடு துவரை ஊடுபயிராகப் போட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் அறிவு அது. நெல் வயலிலும் இப்படி ஒரு உதவி உண்டு. தேங்கிய தண்ணீரில் பாசி போல இருக்கும் நீலப்பச்சைப் பாசி காற்றில் இருந்து நைட்ரஜன் எடுத்துத் தரும். 1939இல் பி.கே. டே என்ற இந்திய விஞ்ஞானி இதை எடுத்துச் சொன்னார். வயலில் வளர்க்கும் அசோலா செய்வதும் இந்த வேலைதான்.

மூன்றாவது வழி தொழிற்சாலை. 1909இல் ஜெர்மனியில் ஹேபர் என்பவர் அதிக சூட்டிலும் அதிக அழுத்தத்திலும் காற்றின் நைட்ரஜனில் இருந்து அம்மோனியா செய்து காட்டினார். 1913இல் பாஷ் என்பவர் அதைப் பெரிய தொழிற்சாலையாக ஆக்கினார். அம்மோனியாவில் இருந்து யூரியா வருகிறது. சுதந்திர இந்தியாவில் 1951இல் சிந்திரியில் உரத் தொழிற்சாலை வந்தது. தமிழ்நாட்டில் மணலியிலும் தூத்துக்குடியிலும் யூரியா செய்தார்கள். இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் சாப்பிடுவது இந்த உரத்தால் விளைந்த உணவு. இந்த உரத்தைக் குறை சொல்வது எளிது. அது இல்லை என்றால் பாதிப் பேருக்குச் சோறு இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனிப் புரந்தர் வட்டத்துக் கொண்டைக்கடலைக்கு வருவோம். அறுவடை ஆகிறது. உடைத்துப் பருப்பாக்குகிறார்கள். புனேக்குப் போகிறது. அங்கே ஒரு வீட்டில் ஒரு தாய் கடலைமாவைக் கரைத்து, மிளகாயும் பூண்டும் தாளித்துப் பிட்லா கிளறுகிறாள். பெயர் நம் ஊர் பிட்லை போல இருக்கும். ஆனால் இது வேறு. சோள ரொட்டிக்கு அங்கே பாக்ரி என்று பெயர். பிட்லாவும் பாக்ரியும் ஏழை வீட்டுச் சாப்பாடு. பண்டிகை என்றால் அதே பருப்பு வெல்லத்தோடு சேர்ந்து பூரண போளி ஆகும்.

கடலைப்பருப்பில் ஐந்தில் ஒரு பங்கு புரதம். புரதத்தில் ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். புரந்தர் காற்றில் இருந்த நைட்ரஜன், வேர் முடிச்சு வழியாகப் பருப்புக்குள் வந்து, இப்போது புனேயில் ஒரு குழந்தையின் தட்டில் இருக்கிறது. குழந்தை அதைத் தின்று வளர்கிறது.

பெரியவர்களின் உடம்பு வளர்வதில்லை. அதனால் உள்ளே போகும் நைட்ரஜன் ஏறத்தாழ அவ்வளவும் வெளியே வந்துவிடும். பெரும்பகுதி சிறுநீரில் வரும். சிறுநீரில் எந்த வடிவில் வருகிறது? யூரியாவாக! உர மூட்டையில் இருக்கும் யூரியாவும் சிறுநீரில் இருக்கும் யூரியாவும் ஒன்றேதான். அந்தப் பெயரே சிறுநீரைக் குறிக்கும் சொல்லில் இருந்துதான் பிறந்தது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. சிலேட்டு இருந்தால் கூடவே போட்டுப் பார்க்கலாம். ஒரு ஆள் உண்ணும் உணவில் ஒரு நாளில் சராசரியாக 50, 60 கிராம் புரதம் என்றால், அதில் நைட்ரஜன் 8 முதல் 10 கிராம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கிலோ. இப்போது விற்கும் யூரியா மூட்டை 45 கிலோ. அதில் நைட்ரஜன் 100க்கு 46 பங்கு. அதாவது ஒரு மூட்டையில் ஏறத்தாழ 21 கிலோ. அப்படியானால் ஏழு பேரின் உடம்பில் இருந்து ஆண்டுக்கு ஒரு மூட்டை யூரியாவின் சத்து வெளியே போகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கில் புனே மாநகராட்சியில் 31 லட்சம் பேர். வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு நாலரை லட்சம் மூட்டை ஆகிறது! பக்கத்தில் இருக்கும் பிம்ப்ரி சிஞ்ச்வட் ஊரைச் சேர்க்காமலே இவ்வளவு.

இந்தச் சத்து எங்கே போகிறது? கழிப்பறையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். குழாயில் போகிறது. சாக்கடையில் போகிறது. சுத்தம் செய்யும் நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் ஊரின் சாக்கடை முழுவதும் அங்கே போய்ச் சேருவதில்லை. மிச்சம் முளா முட்டா ஆற்றில்தான் கலக்கிறது.

ஆகாயத் தாமரைக்கு உரம் போட்டது யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. பிட்லா தின்ற வீடும் போட்டது, போளி தின்ற வீடும் போட்டது. ஊரே போட்டது. சோப்புத் தூளில் இருந்தும் கழிவில் இருந்தும் மணிச்சத்தும் கூடவே போகிறது. செடிக்கு இனி என்ன குறை?

முன்பு இப்படி இல்லை. 1870களில் புனேக்கு மேலே கடக்வாஸ்லா அணை கட்டினார்கள். முட்டா கால்வாய் வந்தது. கால்வாய்க் கரையில் கரும்பு வந்தது. கரும்புக்கு உரம் நிறைய வேண்டும். அந்தக் காலத்தில் புனே நகராட்சி ஊரின் மலக்கழிவைச் சாம்பலோடு கலந்து வெயிலில் உலர்த்தி உரமாக்கி விற்றது. முதலில் தொடத் தயங்கிய விவசாயிகள், கரும்பு விளைந்ததைப் பார்த்ததும் வாங்கினார்கள். வயலில் இருந்து ஊருக்கு வந்த சத்து, திரும்பவும் வயலுக்குப் போனது. வட்டம் முழுமையாக இருந்தது.

இதைக் கேட்டதும், ஆகா, அந்தக் காலம் நல்ல காலம் என்று சொல்லத் தோன்றும். அவசரப்படக் கூடாது. அந்த மலத்தை வீடு வீடாக அள்ளியது யார்? கூடையில் வைத்துத் தலையில் சுமந்தது யார்? சாதியின் பெயரால் சிலரை மட்டும் அந்த வேலையில் தள்ளி வைத்திருந்தார்கள். மழையில் கூடை ஒழுகித் தோளில் வழியும். அவர்களுக்குப் பொதுக் கிணற்றில் தண்ணீர் கூடக் கிடையாது. அந்த மனிதர்களின் தலை மேல்தான் அந்த வட்டம் சுற்றியது. அப்படிப்பட்ட வட்டம் திரும்ப வரவே வேண்டாம்.

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்து 1993இல் சட்டம் வந்தது. 2013இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. ஆனாலும் கழிவுத் தொட்டியில் இறங்கி விஷவாயுவில் மூச்சு முட்டி இறந்தார் என்று இன்னும் செய்தி வருகிறது. அந்தச் செய்தியைப் படிக்கும்போது சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கேட்க உரிமை உண்டு.

குழாய் வந்தது பல பேரைத் தலைச்சுமையில் இருந்து விடுவித்தது. அது பெரிய நன்மை. ஆனால் குழாய், சத்தை வயலுக்குக் கொண்டுபோகவில்லை. ஆற்றுக்குக் கொண்டுபோனது.

ஆற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். யூரியா தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். சாக்கடையில் மூக்கைத் துளைக்கும் நெடியில் அதுவும் ஒன்று. ஒருவகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். வயல் மண்ணிலும் இதேதான் நடக்கிறது. இந்த வேலைக்கு ஆக்ஸிஜன் வேண்டும். நுண்ணுயிர்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். மற்றக் கழிவை அழுகச் செய்யும் நுண்ணுயிர்களும் எடுத்துக்கொள்ளும். மீனுக்கு மிஞ்சாது. மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். பிறகு செத்து மிதக்கும். தண்ணீர் கறுக்கும்.

ஆக்ஸிஜன் தீர்ந்த இடத்தில், சேற்றுக்குள், மூன்றாவது வகை நுண்ணுயிர் இருக்கிறது. அது நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜனைத் திரும்பவும் காற்றுக்கு விட்டுவிடும். காற்றில் கிளம்பியது காற்றுக்கே வந்து சேர்ந்தது. நைட்ரஜன் சுழற்சி என்று பள்ளிப் புத்தகத்தில் படம் போட்டிருப்பார்களே, அது இதுதான். கொஞ்சம் மட்டும் நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற வாயுவாகப் போகும். சிரிப்பு வாயு என்று இதற்குப் பெயர். ஆனால் சிரிக்கும் விஷயம் இல்லை. எடைக்கு எடை பார்த்தால், பூமியைச் சூடாக்குவதில் இது கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 270 மடங்கு.

இந்த நுண்ணுயிர்கள் காலம் காலமாக வேலை செய்கின்றன. ஆனால் நாலரை லட்சம் மூட்டை அவற்றுக்கு மிகவும் அதிகம். மிஞ்சுவது ஆற்றோடு கீழே போகிறது.

முளா முட்டா ஆறு பீமா ஆற்றில் சேருகிறது. பீமா, உஜனி அணைக்குப் போகிறது. 1980இல் கட்டி முடித்த பெரிய அணை. புனே, பிம்ப்ரி சிஞ்ச்வட் இரண்டு ஊர்களின் கழிவும் கடைசியில் அங்கே போய்த்தான் நிற்கிறது. நின்ற தண்ணீரில் பாசி பிடிக்கிறது. கோடையில் சில இடங்களில் பச்சைச் சாயம் கரைத்தது போல இருக்கும். அந்த அணையில் இருந்துதான் சோலாப்பூர் நகரம் குடிக்கிறது. கரையோரக் கிராமங்களும் குடிக்கின்றன. புனே மேலே இருக்கிறது, அவர்கள் கீழே இருக்கிறார்கள். சோலாப்பூர்க்காரர்களின் குறை இதுதான்.

எல்லாம் கெடுதல் என்றும் சொல்லிவிட முடியாது. உஜனியின் பின்தண்ணீரில், பிக்வான் என்ற ஊர்ப் பக்கம், குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. செழித்த சேற்றில் சின்னப் பூச்சியும் பாசியும் நிறையக் கிடைக்கும். படகோட்டிகளுக்கு அதனால் பிழைப்பு. ஆனால் பூநாரைக்கு ஆகும் தண்ணீர் கைக்குழந்தைக்கு ஆகாது.

அணைக்குக் கீழே பீமா பண்டரிபுரம் போகிறது. அங்கே அதற்குச் சந்திரபாகா என்று பெயர். லட்சக்கணக்கான பக்தர்கள் அதில் குளிக்கிறார்கள். அதற்கும் கீழே ராய்ச்சூர்ப் பக்கத்தில் கிருஷ்ணா நதியில் சேருகிறது. கிருஷ்ணா ஸ்ரீசைலம் அணைக்குப் போகிறது. அங்கிருந்து தெலுங்கு கங்கைக் கால்வாய் வழியாகத் தமிழ்நாட்டுப் பூண்டி ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. 1996இல் முதலில் வந்தது. அவ்வளவு தூரத்துக்கும் புனேயின் கழிவு அப்படியே வருவதில்லை. வழியில் பாசி எடுத்துக்கொள்ளும், சேற்று நுண்ணுயிர் எடுத்துக்கொள்ளும், வேறு ஆறுகளின் தண்ணீர் கலக்கும். ஆனாலும் புனேயில் பெய்த மழையில் ஒரு சொட்டு சென்னைக் குழாய்க்கு வர வழி இருக்கிறது. அதனால் இதை வேற்று ஊர்க் கதை என்று தள்ள முடியாது.

நம் ஊர்க் கிணற்றுக்கும் இதில் பங்கு உண்டு. வயலில் போடும் யூரியாவில் பாதிக்கும் மேல் பயிருக்குச் சேருவதில்லை. கொஞ்சம் அம்மோனியாவாகக் காற்றில் போகும். கொஞ்சம் நைட்ரேட்டாகி, தண்ணீரோடு மண்ணுக்குள் இறங்கும். கிணற்றுக்குப் போகும். கழிவுத் தொட்டி கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் அதுவும் சேரும்.

குடிதண்ணீரில் நைட்ரேட் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. நைட்ரேட்டுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லை. பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத்தான் ஆபத்து. அந்தத் தண்ணீரில் பால் மாவு கரைத்துப் புட்டியில் கொடுத்தால், குழந்தையின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போகலாம். உதடும் நகமும் நீலமாக மாறும். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இதில் ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வைக்க வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற, மிச்சத் தண்ணீரில் நைட்ரேட்டின் அளவு கூடத்தான் செய்யும். "கொதிக்க வைத்துத்தானே கொடுத்தேன்" என்று ஒரு தாய் அழக் கூடாது. தாய்ப்பால் கொடுத்தால் இந்தப் பயம் இல்லை. கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கத் தமிழ்நாட்டில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் மாவட்டம்தோறும் இருக்கின்றன. ஊராட்சியில் கேட்டால் வழி சொல்வார்கள்.

வயலிலும் செய்ய வழி இருக்கிறது. மொத்த யூரியாவையும் ஒரே நாளில் கொட்டாமல், பயிரின் பருவம் பார்த்துப் பிரித்துப் போடலாம். நெல்லுக்கு இலை வண்ண அட்டை என்று ஒன்று உண்டு. இலையை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, வெளிறி இருந்தால் மட்டும் போட வேண்டும். பயறு வகை விதைக்கும் முன் ரைசோபியம் பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். ஒரு மூட்டை மிச்சம் என்றால் வீட்டுக்கும் மிச்சம், கிணற்றுக்கும் நல்லது.

புனேக்குத் திரும்புவோம். சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்ய நுண்ணுயிர்களைத்தான் வேலைக்கு வைக்க வேண்டும். ஒரு தொட்டியில் காற்றை ஊதுவார்கள். அங்கே அம்மோனியா நைட்ரேட் ஆகும். அடுத்த தொட்டியில் காற்றை நிறுத்துவார்கள். அங்கே சேற்று நுண்ணுயிர் நைட்ரஜனைக் காற்றுக்கு அனுப்பிவிடும். ஆறு மாதக்கணக்கில் செய்யும் வேலையை இந்தத் தொட்டிகளில் சில மணி நேரத்தில் முடிக்கலாம். ஆனால் மின்சாரம் வேண்டும், பணம் வேண்டும், கவனிக்க ஆள் வேண்டும். 11 புதிய நிலையங்கள் கட்ட ஜப்பானிடம் கடன் வாங்க 2016இல் ஒப்பந்தம் ஆனது. வேலை பல ஆண்டுகள் தள்ளிப் போனது. அந்த ஆண்டுகளிலும் ஊர் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது.

இன்னொரு வேலையைப் பெண்கள் செய்கிறார்கள். புனேயில் குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள் 1993இல் சங்கம் வைத்தார்கள். பெரும்பாலும் பெண்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர். பிறகு ஸ்வச் என்ற கூட்டுறவு அமைப்பு வந்தது. 2008இல் மாநகராட்சி அதனோடு ஒப்பந்தம் செய்தது. அவர்கள் வீடு வீடாகப் போய், ஈரக் குப்பை தனியாக, உலர்ந்த குப்பை தனியாக வாங்குகிறார்கள். காய்கறித் தோலிலும் மிச்சச் சோற்றிலும் நைட்ரஜன் இருக்கிறது. தனியாக வந்தால் மக்க வைத்து உரம் ஆக்கலாம். எல்லாம் கலந்து மலையாகக் கொட்டினால், அதன் சாறு ஒழுகிக் கிணற்றில் இறங்கும். குப்பைமேடு இருந்த உருளி தேவாச்சி, ஃபுர்சுங்கி கிராமத்தார் இதற்காகப் பல முறை சாலையில் உட்கார்ந்து போராடியிருக்கிறார்கள்.

ஆற்றில் இருந்து வாரிய ஆகாயத் தாமரை என்ன ஆகிறது? அது ஆற்றில் கலந்த சத்தைத் தன் உடம்பில் சேர்த்து வைத்திருக்கிறது. ஒரு விதத்தில் அது ஆற்றைச் சுத்தம் செய்திருக்கிறது. வாரியதை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் மக்க வைத்தால், வயலுக்கு உரம். வாரியதைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனால் அங்கேயே அழுகும். அடுத்த மழையில் சத்து முழுவதும் திரும்ப ஆற்றுக்கே போகும்.

ஆனி மாதம் மழை வலுக்கும். கடக்வாஸ்லாவில் மதகைத் திறப்பார்கள். வெள்ளம் வந்து, வாராமல் விட்ட பச்சைப் பாயைச் சுருட்டி அடித்துக்கொண்டு பீமாவை நோக்கிப் போகும். அந்த மழை நாட்களில்தான் ஆலந்தியில் இருந்து ஞானேஸ்வரர் பல்லக்கும் கிளம்பும். புனே வழியாக வந்து, திவே மலைப்பாதையில் ஏறி, புரந்தர் வட்டத்துச் சாஸ்வட் ஊரில் தங்கும். வழியில் பக்தர்களுக்குப் பிட்லாவும் பாக்ரியும் கொடுப்பார்கள். அவர்கள் நடந்து போகும் ஊரும் பண்டரிபுரம்தான். ஆறு போகும் ஊரும் அதுதான்.